திங்கட்கிழமைப் பந்து

மைனியின் இடது கண் போனதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் எனக்குச் சாதகமாகப் பேச ஆரம்பித்துவிடுவேன், என் வாய் அப்படிப்பட்டது. மைனி எனக்குச் சொந்த அண்ணன் மனைவி இல்லை. தாராவியில் எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் நம்மைவிட மூத்த, கல்யாணமான பெண்ணை இப்படித்தான் கூப்பிடுவோம். அவரை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்.

அது ஒரு ஸ்டார்ட்அப். செம்பூரில் பழைய பட்டறைக் கட்டடம் ஒன்றில் இட்லி மாவு அரைத்து, பையில் அடைத்து, ஆப்பில் ஆர்டர் போட்டவர்களின் வீட்டு வாசலில் காலையில் கொண்டுபோய் வைப்போம். கீழே கிரைண்டர்கள், நடுவில் பேக்கிங் மேஜை, இரும்புப் படி ஏறினால் கண்ணாடி போட்ட ஆபீஸ். நடத்தியவன் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவன். என்னைவிட நாலு வயது சின்னவன். இங்கே யாரும் யாருக்கும் சார் இல்லை, எல்லாரும் ஒரே ஃபேமிலி, என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவன் போட்ட முதல் சட்டம். எங்களுக்கு வாயில் வரவில்லை. முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி எங்களை யாரும் வளர்க்கவில்லை. அதனால் மூன்று வருஷம் அவனை எதுவுமே கூப்பிடாமல் ஓட்டினோம். அவன் திரும்பிப் பார்க்கிறவரை பக்கத்தில் நின்று இருமுவோம்.

இரண்டாவது சட்டம் பந்து. திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் பேக்கிங் மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு வட்டமாக நிற்க வேண்டும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும். போன வாரம் நான் என்ன தப்பு செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்து எறிய வேண்டும். பெங்களூரில் அவன் வேலை பார்த்த இடத்தில் இப்படித்தானாம். அங்கே பஞ்சு அடைத்த பந்து. இங்கேயும் முதலில் ரப்பர் பந்துதான் இருந்தது. மாவு புளித்துவிட்டது என்று ஒரே வாரத்தில் புகார் குவிந்தபோதுதான் அவன் தோல் பந்தோடு படி இறங்கி வந்தான். மைதானத்தில் ஆடுவார்களே, அந்தச் சிவப்புக் கிரிக்கெட் பந்து. "சாஃப்ட் பந்து வெச்சா வேலையும் சாஃப்டாத்தான் நடக்குது" என்றான். எல்லாரும் சிரித்தோம். சம்பளம் தருகிறவன் ஜோக் சொன்னால் வேறென்ன செய்வது.

முதல் அடி டெலிவரியைப் பார்த்துக்கொண்ட பாய்க்கு. மாஹிமிலிருந்து வருகிறவர், ஐம்பது வயது. அவன் எறிந்த பந்து நெஞ்சுக் குழியில் விழுந்தது. மூச்சு வராமல் குனிந்தவர், நிமிர்ந்து, "குச் நஹீ, குச் நஹீ", ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே பந்தைத் தேடி மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். அடுத்த மாதம் கம்ப்யூட்டரில் ஆர்டர் பார்க்கிற பெண்ணுக்கு விரல் மூட்டு வீங்கியது. பேக்கிங்கில் இருந்த ஒருத்திக்கு உதடு கிழிந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, லேபிளை மாற்றி ஒட்டியது தன் தப்புதான் என்று சொன்னாள். பந்து மட்டும்தான் என்று இல்லை. மேலிருந்து அவன் வீசிய கீபோர்டு படியில் உருண்டு வரும். மாவு கிரேட்டை உதைப்பான். ஒருமுறை பாயின் சட்டைக் காலரைப் பிடித்துக் கண்ணாடிக் கதவில் சாத்தினான், மறுநாள் அவருக்கே கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடினான். யாரும் இதை அடி என்று சொல்லவில்லை. ஃபீட்பேக் என்றோம்.

எனக்கு மட்டும் அடி படவில்லை. அண்ணன்களோடு சந்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவள் நான். தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் பந்தையே பிடிப்பேன், இவன் பந்தா எனக்குப் பெரிது. ஒரு திங்கட்கிழமை முகத்துக்கு நேராக வந்ததை ஒற்றைக் கையால் பிடித்தேன். அவன் கை தட்டினான். "இதைத்தான் நான் ஓனர்ஷிப்னு சொல்றேன். எல்லாரும் இவளைப் பாருங்க" என்றான். அடுத்த மாதம் நான் கீழ்த்தளத்துக்கு இன்சார்ஜ். மாவின் பக்குவம் தெரியும் என்றோ, ஆள்களை அனுசரித்துப் போவேன் என்றோ அந்தப் பதவி வரவில்லை. பந்து பிடித்ததால் வந்தது.

பிடிக்கத் தெரிந்தவளுக்கு எறியவும் தெரியும். நான் எறிந்தால் விலா எலும்பு ஆடும் என்று பேக்கிங் மேஜையில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியவள், இப்போது பத்துப் பதினைந்து பேர் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் வரும்போதே யாருக்கு எறியலாம் என்று யோசிப்பேன். ஒருத்தியை இடுப்பில் அடித்துவிட்டு, அவள் இரண்டு நாள் சாய்ந்து நடந்ததைப் பார்த்து, "ஏன்ளா, டான்ஸ் ஆடுத?" என்று கேலி செய்தவளும் நான்தான்.

மைனி அந்த வட்டத்தில் நிற்க மாட்டார். "எனக்குக் கிரைண்டர் ஓடுது, ஒங்க வெளையாட்ட நீங்களே வெளையாடுங்க" என்பார். மாவில் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கி, இரண்டு விரலில் எடுத்துப் பார்த்து, எத்தனை மணிக்குப் பொங்கும் என்று சொல்லிவிடுவார். அது சரியாக இருக்கும். இது அவனுக்குப் பிடிக்காது. மாவுக்குள் வைக்கிற கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தான், அதில் வருகிற நம்பர்தான் கணக்கு என்பான். மே மாத வெயிலில், பாக்கெட்டில் இடம் விடாமல் அடைக்கச் சொன்னான். மைனி மாட்டேன் என்றார். "வெயில்ல மாவு பொங்கத்தான் செய்யும். கம்பெனி சட்டமெல்லாம் அதுக்குத் தெரியுமா?" என்றார். எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அவன் சிரித்தான், கழுத்து மட்டும் சிவந்தது.

அவன் சொன்னபடியே அடைத்தோம். செம்பூரில் ஒரு பெரிய குடியிருப்பில் அத்தனை பேர் வீட்டு வாசலிலும் பாக்கெட்டுகள் வெடித்து, லிஃப்ட் வரை மாவு வழிந்து கிடந்தது. போட்டோ எடுத்து எல்லாரும் அவனுக்கே அனுப்பினார்கள். அடுத்த நாள் திங்கட்கிழமை.

அன்று அவன் எறியவில்லை. வட்டத்தின் நடுவில் நின்று, யாருடைய தப்பு என்று மூன்று முறை கேட்டான். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஊறவைத்த உளுந்துச் சட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைனி எங்களைக் கடந்து கிரைண்டருக்குப் போனார். அவன் அவரைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, பந்தை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டான். "உன் ஆளுதானே. நீயே கேளு" என்றான்.

மைனி என்று கூப்பிட்டேன். அவர் திரும்பினார். எறிந்தேன்.

சட்டியைக் கீழே போட்டிருந்தால் கையால் தடுத்திருக்கலாம். அவர் போடவில்லை. பத்துக் கிலோ உளுந்து, எப்படிப் போடுவார். பந்து எலும்பில் படுகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், இது அந்தச் சத்தம் இல்லை, ஈரமாக இருந்தது. மைனி முதலில் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். சட்டி கவிழ்ந்து உளுந்து முழுக்கத் தரையில் ஓடியது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடிக் காது வரைக்கும் வழிந்தது. கத்தவில்லை. ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் தரையில் கிடந்த உளுந்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பாய்தான் ஓடி வந்து துண்டை அழுத்திப் பிடித்தார். மேலே போன் அடித்தது. இன்வெஸ்டர் கால். அவன் படியில் பாதி ஏறி நின்று, "கூட்டிட்டுப் போ, கம்பெனி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே போனான்.

இனிமேல் சொல்லப்போவது நான் மட்டும் செய்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் சின்ன வயது. எப்படி ஆச்சு என்று இந்தியில் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் சொல்லிவிட்டது. "பாத்ரூம் மே ஃபிஸல் கயீ." வழுக்கி விழுந்துவிட்டார். எங்கள் சந்தில் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவோம். புருஷன் மண்டையை உடைத்தாலும் வழுக்கி விழுந்தது. தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டு பல் போனாலும் வழுக்கி விழுந்தது. கத்திக்குத்துக்கும் ஒருத்தன் அதையே சொல்லப் போய் டாக்டரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறான். அடி என்று வாயைத் திறந்தால் அது போலீஸ் கேஸ் ஆகும், காக்கிச் சட்டை வரும், சந்தில் இருக்கிற எல்லாரையும் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். அதனால் குழந்தைக்கு மூக்கில் அடிபட்டாலும், கேட்பதற்கு முன்பே வழுக்கிவிட்டது என்று சொல்லப் பழகியிருக்கிறோம். அந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைப் பார்த்தால் தாராவி முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஓடுகிறது என்று நினைப்பார்கள்.

டாக்டர் நம்பவில்லை. மைனியைப் பார்த்து, "ஏதாவது வேகமா வந்து பட்டுதா? உண்மையைச் சொல்லுங்க" என்று இரண்டாவது முறை கேட்டார். மைனி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு, "நஹீ சாப், வழுக்கிட்டு" என்றார். பாத்ரூம் படி விளிம்பில் புருவம் இடித்தது என்று எழுதிக்கொண்டார்கள். ஏழு தையல் போட்டார்கள். கண் அடியோடு வீங்கி மூடியிருந்தது. வீக்கம் வடிந்ததும் பார்வையில் ஏதாவது வித்தியாசம் இருந்தால் உடனே கண் பிரிவுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது நான் அழுதேன். மைனி என் தொடையில் தட்டினார். "அழாதட்டி. நல்லவேளை முந்திக்கிட்டுச் சொன்ன. இல்லன்னா ஒன்னையல்லா பிடிச்சிட்டுப் போயிருப்பான்" என்றார். வீட்டில் அவர் புருஷனிடமும் அதையேதான் சொன்னோம்.

வீக்கம் வடிய ஐந்து நாள் ஆனது. ஆறாவது நாள் மைனி கண்ணைத் திறந்தார். ஒரு கறுப்புத் திரை இருக்கிறது, விலக்கினாலும் போகவில்லை என்றார். மாட்டுங்காவில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் விளக்கைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். படி விளிம்பில் இடித்தால் கண் உள்ளே இப்படிக் கிழியாது, என்ன பட்டது என்று கேட்டார். கிரிக்கெட் பந்து என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அன்னிக்கே பந்துன்னு சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே கண்ணைப் பார்த்திருப்பாங்க. காப்பாத்த வாய்ப்பு இருந்தது" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அன்று திரும்பி வந்தபோது மைனியின் புருஷன் பாத்ரூமில் உட்கார்ந்து உளியும் சுத்தியலும் வைத்துத் தரையைக் கொத்திக்கொண்டிருந்தார். தோல் பை தைக்கிற மனுஷன், கொத்து வேலை தெரியாது, விரலெல்லாம் நசுங்கியிருந்தது. இனி யாரும் வழுக்கக்கூடாது என்று சொரசொரப்பாக ஆக்குகிறாராம். நான் வாசலோடு திரும்பி வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தச் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது.

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஆமாம், போனேன். வழக்கம்போல வட்டமாக நின்றோம். அவன் மஞ்சள் நிறத்தில் பஞ்சு அடைத்த பந்து ஒன்றைக் கொண்டுவந்தான், அதில் சிரிக்கிற முகம் வரைந்திருந்தது. "நாம ஒரு தப்பு பண்ணிட்டோம். தப்புலேருந்து கத்துக்கிற கம்பெனிதான் வளரும்" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். பாயும் தட்டினார். பிறகு அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நான் ஆபீஸில் கொடுத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினான். வீட்டு பாத்ரூமில் விழுந்திருக்கிறார், கண் தெரியாமல் கிரைண்டர் பக்கம் விட முடியாது, அதனால் மைனி இனி வர வேண்டாம், நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றான். முகத்தை உண்மையிலேயே வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னான்.

ஓங்கி ஒன்று விட்டேன். அவன் மூக்குக்கண்ணாடி பறந்து பிரிண்டருக்குப் பின்னால் விழுந்தது. இன்னொன்று விட்டேன், மூக்கில் ரத்தம் வந்தது. கழுத்தைப் பிடித்து மேஜையில் அழுத்தினேன். மூன்று வருஷமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னானே, அன்றுதான் கூப்பிட்டேன், பெயரோடு எங்கள் சந்தில் சேர்த்துச் சொல்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் கூப்பிட்டேன். பாய் வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், "கேமரா இருக்கு. இதுவும் இருக்கு. அன்னிக்கு யார் எறிஞ்சாங்கறதும் இருக்கு. யோசிச்சுக்கோ" என்றான்.

அவன் சொன்னது சரி. அதுதான் என்னைக் கொன்றது. அவனை அடித்ததில் எனக்கு ஒரு நிமிஷ நிம்மதிகூட இல்லை, ஏனென்றால் கை அதே கை. எறிந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

செம்பூரிலிருந்து நேராக மைனி வீட்டுக்குப் போனேன். புருஷன் இருந்தார், மைனி கட்டிலில் சுவரில் சாய்ந்திருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே புருஷனிடம் சொன்னேன். பாத்ரூம் இல்லை, பந்து. எறிந்தது நான். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதும் நான். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். வாசலுக்கு இழுத்துவந்து முதுகில் குத்தினார். உளி பிடித்து நசுங்கிய கை, அவருக்கும் வலித்திருக்கும். நான் தடுக்கவில்லை. சந்தில் கூட்டம் கூடிவிட்டது.

"விடுங்க அவள" என்றார் மைனி. விட்டார். வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நான் போலீஸுக்குப் போகப்போகிறேன் என்று மைனியிடம் சொன்னேன். "போனா ஒன்னையத்தான பிடிப்பான். அவன் வக்கீல் வச்சு வெளிய வந்துருவான்" என்றார். அது எனக்கும் தெரியும் என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.  மைனி கோபமே இல்லாத குரலில், மாவுப் பக்குவம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"பந்து வந்தத நான் பாக்கவே இல்லட்டி. ஒன்னத்தான் பாத்தேன். சிரிச்சிக்கிட்டு இருந்த. இந்தக் கண்ணால கடைசியா நான் பாத்தது அதான்."

நான் சிரித்தது எனக்கு ஞாபகம் இல்லை. அன்றிலிருந்து எத்தனையோ முறை அந்த இடத்துக்கு மனசால் போய்ப் பார்த்துவிட்டேன், என் முகம் மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மைனி பொய் சொல்கிறவர் இல்லை. எனக்காக டாக்டரிடம் சொன்ன அந்த ஒன்றைத் தவிர.

ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதியவர் வயதான ஏட்டு. நான் இந்தியில் சொல்லச் சொல்ல அவர் மராட்டியில் எழுதினார். அந்த அம்மா மேல் பகையா என்று கேட்டார். இல்லை என்றேன். அடி என்று அவன் சொன்னானா என்று கேட்டார். சொல்லவில்லை, பந்தைக் கையில் வைத்து விரலை மடக்கினான் என்றேன். கேமரா இருக்கிறது, அவனே சொல்லியிருக்கிறான், அந்த ஒரு நாள் மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை திங்கட்கிழமை இருக்கிறதோ அத்தனையும் எடுத்துப் பாருங்கள் என்றேன். ஏட்டு நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதினார்.

முடித்ததும் வாசித்துக் காட்டினார். விளையாட்டாக எறிந்தபோது கை தவறிப் பட்டுவிட்டது என்று இருந்தது. எனக்கு உதவி செய்வதாக நினைத்து அவராகவே போட்டிருந்தார். கை தவறவில்லை, தோளைக் குறி பார்த்துத்தான் எறிந்தேன், சட்டிக் கனத்தில் அவர் சாய்ந்ததால் முகத்தில் பட்டது என்றேன். யோசித்துச் சொல் என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். அந்த வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்.

எறியும்போது சிரித்தேன், அதையும் எழுதுங்கள் என்றேன்.

"ஹஸ்னா குனாஹ் நஹீ ஹை, பேட்டீ" என்றார். சிரிப்பதெல்லாம் குற்றம் இல்லையாம், எந்தச் சட்டத்திலும் அதற்கு இடம் இல்லையாம்.

"எழுதுங்க" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார், டீ குடித்தார், வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் எரிச்சலோடு காகிதத்தை இழுத்து, ஓரத்தில் இருந்த இடத்தில் நுணுக்கி எழுதினார். எனக்கு மராட்டி வாசிக்கத் தெரியும். அது இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டேன்.